எதிர்க்கட்சி அண்ணாச்சியும் இரண்டாம் நம்பர் மெஷினும்

வாழ்நாளில் ஒரு தடவைகூட "சரி" என்று சொல்லாத மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமல்ல, எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ஆறேழு வருஷம் அவரோடு ஒரே சினிமாக் கொட்டகையில் வேலை செய்துவிட்டு, இன்னும் புத்தி பிசகாமல் இருக்கிறேன். என் வாழ்க்கையில் சாதனை என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான்.

மட்டாஞ்சேரியில் ஜூன் மாதம் மழை பிடித்தால் ஊரே குடையை விரிக்கும். அவர் மட்டும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி வருவார். எறணாகுளம் போகிற படகில் எல்லாரும் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தால், இவர் வந்த திசையைப் பார்த்து உட்காருவார். பஸ் கண்டக்டர் "முன்னோட்டு, முன்னோட்டு" என்று கத்தினால் போதும், பத்துப் பேர் காலை மிதித்துக்கொண்டு பின்னால் போவார். தேர்தல் வந்தால் யார் ஜெயிப்பார் என்று நாலு இடத்தில் நன்றாக விசாரித்துவிட்டு மற்றவருக்கு ஓட்டுப் போடுவார். தப்பித்தவறி அந்த மற்றவர் ஜெயித்துவிட்டால், மறுநாள் காலையிலேயே சாயாக்கடையில் நின்று அவரைத் திட்ட ஆரம்பிப்பார். அந்த நாளில் கேரளத்தில் மந்திரிசபைகள் வந்து போன வேகத்துக்கு ஈடுகொடுப்பதற்குள் மனிதருக்கு மூச்சு வாங்கிவிடும்.

ஒரு முறை அவருடைய யூனியன் ஆபீசில், இறந்துபோன பழைய தலைவர் ஒருவருக்கு இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தார்கள். "எதிர்க்கிறவர்கள் உண்டா?" என்று செயலாளர் ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தார். ஒரு கை உயர்ந்தது. "அவரு செத்ததை நான் ஏத்துக்கிட மாட்டேன்" என்றார் இவர். சபையே கண்ணீர் விட்டது. இறந்தவரின் மகன் ஓடிவந்து இவரைக் கட்டிக்கொண்டு அழுதான். உண்மையில் அந்தத் தலைவரை இவருக்குக் கண்டாலே ஆகாது.

ஆள் கோவில்பட்டிப் பக்கம். தோட்டத்தில் எந்த மூலையில் கிணறு வெட்டுவது என்பதில் கூடப்பிறந்த அண்ணனோடு தகராறு. அண்ணன் சொன்ன மூலையில் தண்ணீர் பீறிட்டு வந்துவிட்டது. அந்த அவமானம் தாங்காமல் ரயிலேறி வந்தவர், கொச்சியில் கடல் குறுக்கே நின்றதால் இறங்கிவிட்டார் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொட்டகைக்குப் பின்னால் பழைய போஸ்டர்கள் அடுக்கிய அறைதான் வீடு. தமிழர்கள் அவரை "எதிர்க்கட்சி அண்ணாச்சி" என்றார்கள், மலையாளிகள் "பிரதிபக்ஷம்" என்றார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நான் அந்தக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தவன். என் அப்பா சங்கரன்கோவிலிலிருந்து வந்து பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர். கொட்டகை முதலாளி குஜராத்திச் சேட்டு. மிளகு வியாபாரம்தான் முக்கியம், சினிமா சும்மா ஆசைக்கு. பக்கத்துக் கிடங்கும் அவருடையதே. அங்கே மிளகு புடைக்கும் நாளில் கொட்டகைக்குள் கதாநாயகியின் தாயார் உயிர் விடும்போது மொத்த சபையும் தும்மும். படத்தைப் பார்த்து அழுகிறார்களா, மிளகுக்கு அழுகிறார்களா என்று கடைசிவரை தெரியாது.

இனி ஆபரேட்டர் ரூம். அங்கே இரண்டு மெஷின். ஒரு ரீல் இருபது நிமிஷம் ஓடும். ஒன்றாம் நம்பர் மெஷினில் ஒரு ரீல் முடிகிற நொடியில் இரண்டாம் நம்பரில் அடுத்த ரீல் தொடங்க வேண்டும், பிறகு மறுபடி ஒன்றாம் நம்பர். எப்போது மாற்றுவது என்று எப்படித் தெரியும்? ரீல் முடியும் சமயத்தில் திரையின் வலதுபக்க மேல்மூலையில் ஒரு சின்னப் புள்ளி வந்து மறையும். அது வந்தால் அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி வரும். அது வந்தால் சடாரென்று ஸ்விட்சைப் போட்டு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். ஒழுங்காகச் செய்தால் கீழே இருப்பவர்களுக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியாது. தவறினால் திரை வெள்ளையாகும், பெஞ்சு வகுப்பு ஊளையிடும்.

இரண்டு மெஷினுக்கும் சேர்த்து ஒரு ஆளே போதும் என்பார்கள். ஆனால் எங்கள் கொட்டகையில் இரண்டு யூனியன். ரோட்டுக்குக் கிழக்கே ஆபீஸ் வைத்திருந்தது கிழக்கு யூனியன், மேற்கே வைத்திருந்தது மேற்கு யூனியன். நான் வருவதற்கு முன்பு நாற்பது நாள் வேலைநிறுத்தம் நடந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்களாம். அதன்படி ஆபரேட்டர் ரூமில் எப்போதும் கிழக்கில் ஒருவர், மேற்கில் ஒருவர் இருக்க வேண்டும். கிழக்குக்கு எங்கள் அண்ணாச்சி. மேற்குக்கு வறீது சேட்டன். மலையாளத்தில் சேட்டன் என்றால் அண்ணன், முதலாளி சேட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

வறீது சேட்டன் தோப்பும்படிக்காரர். மடித்துக் கட்டிய முண்டு, மீசை, முன்கோபம். யாருக்கு ஒன்றாம் நம்பர் மெஷின் என்பதில் இருவருக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது. படம் தொடங்குவதே அதில்தான் என்பதால் அதற்கு ஒரு கௌரவம். சீட்டுக் குலுக்கியதில் அண்ணாச்சிக்கு விழுந்தது. "சரி, அவன் எடுத்தோட்டெ" என்று வறீது ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டாரே என்பதற்காகவே குலுக்கலில் மோசடி என்று அண்ணாச்சி எதிர்த்தார், மெஷினை மட்டும் விடவில்லை. அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது.

பேசாமல் எப்படி வேலை நடக்கும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சுவரில் ஒரு காலண்டர். அதில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தைதான் சபாநாயகர். "சபாநாயகரே, ரெண்டாம் நம்பர்ல வெளிச்சத்துக்கு எரியுத கார்பன் குச்சி தீரப்போகுதுன்னு சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்லும்" என்பார் அண்ணாச்சி. "சபாநாயகரே, எனிக்குக் கண்ணுண்டு எந்நு மறுபடி பறயணும்" என்று பதில் அனுப்புவார் வறீது. அடுத்த வருஷக் காலண்டரில் குழந்தைக்குப் பதில் ஒரு கிளி வந்தது. கிளியையும் சபாநாயகராக ஏற்றுக்கொண்டு, பிறகு அந்தக் காலண்டரை மாற்றாமலே விட்டுவிட்டார்கள். நான் பார்த்து இருவரும் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட ரூமில் ஓடியதோ, அரசியல் சிரிப்புப் படங்கள். அப்போது அவைதான் ஊரெல்லாம் பேச்சு. பரம வைரிகளான இரண்டு கட்சித் தலைவர்கள், வேறு வழியில்லாமல் ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். காலையில் பேப்பரில் படித்ததை மாலையில் திரையில் பார்த்து ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது. அதில் ஒரு படம் எங்கள் கொட்டகையில் வாரக்கணக்கில் ஓடியது. தலைவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பங்களா, ஒரே கார். காரில் இடதுபக்க ஜன்னல் யாருக்கு என்று இரண்டு ரீல் சண்டை. கடைசியில் வெள்ளம் வந்து இருவரும் ஒரே தோணியில் மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் கிழக்கே துடுப்புப் போட, மற்றவர் மேற்கே போட, தோணி நின்ற இடத்திலேயே சுற்றும். பெஞ்சு வகுப்பில் விசில் பறக்கும். அப்புறம் மனம் திருந்தி இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், வணக்கம்.

அண்ணாச்சிக்கு இந்தப் படங்கள் என்றால் உயிர். கடைசிக் காட்சியைக் கண்டால் மட்டும் ஆகாது.

"தோணி சுத்துத வரைக்கும் சரியான படம்லே. கட்டிப்புடிக்கான் பாரு, அங்கதான் பொய்யி" என்பார் என்னிடம்.

"நல்ல முடிவுதானே அண்ணாச்சி? ரெண்டு பேரும் ஒத்துமையா ஆயிட்டாங்க."

"ஒத்துமையாயிட்டா ஒருத்தன் தப்பை ஒருத்தன் எப்படிலே சொல்லுவான்? சண்டையும் போடணும், தோணியும் போய்ச் சேரணும். அப்படி ஒரு படம் எடுக்கச் சொல்லு, நான் கைதட்டுதேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அந்தக் கட்டிப்பிடிக்கும் துண்டைக் கத்தரித்து எடுத்து வைத்துவிட்டார். தோணி சுற்றியது, வணக்கம் விழுந்தது, ஜனம் எழுந்து போய்விட்டது. மூன்று நாள் ஒருவரும் கேட்கவில்லை. நாலாம் நாள் படக் கம்பெனியின் ஆள் எறணாகுளத்திலிருந்து வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு மேலே ஓடினான். "எவிடெ? கெட்டிப்பிடுத்தம் எவிடெ?" என்று கூச்சல். அண்ணாச்சி மாட்டினார் என்று நான் நினைத்தேன். வறீது சேட்டன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பிரிண்ட் வந்ததே இங்ஙனெயாணு. ஆலுவாயில் ஓடிய கொட்டகையில் போயி சோதிக்கு" என்று சொல்லிவிட்டார். வந்தவன் ஆலுவாய்க்குப் பஸ் ஏறினான். எதிரியை ஏன் காப்பாற்றினார் என்று எனக்குப் புரியவில்லை. அப்போது எனக்குப் பல விஷயம் புரியாது.

அவன் திரும்பி வருவதற்குள் துண்டை ஒட்டிவிட வேண்டும் என்று அண்ணாச்சியே உட்கார்ந்து ஒட்டினார். மறுநாள் மாட்டினியில் தலைவர்கள் இருவரும் காலை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினார்கள். அது மட்டுமா, துண்டு பின்னிருந்து முன்னாக ஓடியதால், கட்டிப்பிடித்திருந்தவர்கள் "ர்ர்ர்" என்ற உறுமலோடு விலகிப் பின்னால் நடந்து போனார்கள். கொட்டகையின் சரித்திரத்திலேயே அவ்வளவு பெரிய சிரிப்பு கேட்டதில்லை. வேண்டுமென்றே செய்த குறும்பு என்று நாங்கள் எல்லாரும் அண்ணாச்சியைப் பாராட்டினோம். அவர் வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டார்.

அதே சமயத்தில்தான் திட்டு ஆரம்பித்தது. ஏழு வருஷமாகக் காலண்டர் மூலமே பேசிவந்த வறீது சேட்டன், ஒரு நாள் படம் ஓடும்போதே நேரடியாகத் திட்டினார். "எடோ போத்தே!" என்று, அதாவது எருமைமாடே என்று, பெருங்குரலில் ஒரு கத்தல். ஏழெட்டு நொடி கழித்து "போடா!" என்று குட்டையாக இன்னொன்று. மறுநாளும் அப்படியே. பிறகு தினமும், ஒரு காட்சிக்கு மூன்று நாலு தடவை. மெஷின் வெளிச்சம் போகிற சின்ன ஜன்னல் வழியாக அது பால்கனியின் பின்வரிசையில் நேராக விழும். அண்ணாச்சியும் விடுவதில்லை. "யாருல போத்து? ஒன் மீசையப் பாரு!" என்று பதில் போகும். பெஞ்சு வகுப்புக்காரர்கள் இதற்குப் பழகி, காதல் காட்சி நடுவே "எடோ போத்தே" வந்தால் கோரஸாக "போடா" என்று முடித்துவைத்தார்கள்.

இந்த நேரம் பார்த்து எனக்கு உதவி மானேஜர் பதவி கிடைத்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலிலேயே பிடித்தேன். பால்கனியில் குடும்பத்தோடு வந்த ஒரு வியாபாரி திட்டைப் பற்றிக் குறைசொன்னதும், உட்கார்ந்து சேட்டுக்கு ஒரு அறிக்கை எழுதினேன். "மேற்படி இருவருக்குமிடையே பகை முற்றிவிட்டதால், கொட்டகையின் நற்பெயரைக் கருதி, இருவரையும் வெவ்வேறு காட்சிகளுக்குப் பிரித்துவிடுவது உசிதம்." உசிதம் என்ற வார்த்தையை எழுதியபோது எனக்கே என்னைப் பிடித்துப் போனது.

சேட்டு இரண்டு யூனியன் செயலாளர்களையும் கூப்பிட்டு அனுப்பினார். மாட்டினிக்கு அண்ணாச்சி, அவரோடு மேற்கு யூனியனிலிருந்து ஒரு புதிய ஆள். மாலைக் காட்சிகளுக்கு வறீது, அவரோடு கிழக்கிலிருந்து ஒரு புதிய ஆள். ஒரு வாரம் பார்ப்பது, சரிப்பட்டால் நிரந்தரம். இரண்டு யூனியனுக்கும் ஆளுக்கொரு வேலை கூடுதலாகக் கிடைக்கிறது என்றதும் செயலாளர்கள் முகத்தில் பல் தெரிந்தது. கிழக்கும் மேற்கும் ஒத்துப்போன அதிசயத்தை நான்தான் நடத்திவைத்தேன் என்று எனக்குப் பெருமை.

"எதிர்க்கேன்" என்றார் அண்ணாச்சி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது காக்கை கரைவது போலத்தானே.

"ஞானும் எதிர்க்குந்நு" என்றது இன்னொரு குரல்.

எல்லாரும் திரும்பினோம். வறீது சேட்டன் எழுந்து நின்றிருந்தார். அவருடைய செயலாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "நினக்கு எந்தா வறீதே? அவனெ விட்டு ஒழியணும்னு அல்லே நீ ஏழு வருஷமாயி பறயுந்நது?"  "பற்றில்ல. அத்ரதந்நெ" என்று, அதாவது முடியாது, அவ்வளவுதான் என்று சொல்லி, வறீது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாட்டினி. முதல் ரீல் அண்ணாச்சி போட்டார். இரண்டாவதைப் புதிய ஆள் போட்டான். மூன்றாவதில் திரை வெள்ளையானது. ஒரு நொடி, இரண்டு நொடி, பத்து நொடி. கீழே ஊளை. நான் படியேறி ஓடினேன். அண்ணாச்சி மூக்கைச் சின்ன ஜன்னலில் ஒட்டவைத்துக்கொண்டு, ஒரு கையை ஸ்விட்சில் வைத்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். புதிய ஆள் தன் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, போடுங்க!"

போட்டார். வீம்புக்குத்தான் செய்கிறார் என்று எண்ணி, மிச்சப் படம் முழுக்கப் பக்கத்தில் நின்று அதட்டி ஓட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அதட்டினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் என்னவோ போலிருந்தது.

போதாத காலம், சேட்டு அன்று உறவுக்காரர்களோடு பால்கனியில் இருந்தார். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை திரை வெள்ளையானால் ஆளை ஊருக்கு அனுப்பிவிடு என்று சொன்னார். ஊருக்கு என்றால் கோவில்பட்டிக்கு. அந்த அண்ணன் வீட்டுக்கு, அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதற்கு. அண்ணாச்சிக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எமனாலும் யோசிக்க முடியாது.

சனிக்கிழமை மாட்டினிக்கு டிக்கெட் ஜன்னலில் ஒரு மீசை தெரிந்தது.

"ஒரு பால்கனி. பின்வரி, நடு சீட்டு."

"சேட்டா, உங்களுக்கு எதுக்கு டிக்கெட்? சும்மா போய் உக்காருங்க."

"எனிக்கு இப்போ டியூட்டி இல்ல. டியூட்டி இல்லாத்தவன் டிக்கெட் எடுக்கணும்."

எதிரி அவமானப்படுவதைக் காசு கொடுத்துப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனசுக்குள் திட்டிக்கொண்டே டிக்கெட் கொடுத்தேன். படம் தொடங்கியது. இரண்டாவது ரீல் முடியப் போகும் நேரத்தில், பால்கனியில் நின்றிருந்த என் காதருகே இடிவிழுந்தது.

"எடோ போத்தே!"

வறீது சேட்டன்தான். சீட்டில் உட்கார்ந்தபடி, முகத்தைத் திரையிலிருந்து திருப்பாமல், தலைக்கு மேலிருந்த சின்ன ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சேட்டா, இங்கயும் வந்தா? மேலே நீங்க இல்லாதப்பவும் விடமாட்டீங்களா?" என்று குனிந்து கேட்டேன்.

"மிண்டாதிரி. புள்ளி வரும்" என்று உதட்டில் விரலை வைத்தார்.

வந்தது. திரையின் மேல்மூலையில் இரண்டாவது புள்ளி. "போடா!" என்றார் வறீது. அந்தக் கணமே மூன்றாவது ரீல் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் திரையில் ஓடத் தொடங்கியது. மேலே ஜன்னலிலிருந்து, "ஒன் மீசையப் பாரு!" என்று பதில் வந்தது. அந்தக் குரலில் அவ்வளவு உற்சாகம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக அந்தத் திட்டு ஒன்றுவிட்டு ஒரு ரீலில்தான் வந்திருக்கிறது. அண்ணாச்சியின் மெஷின் தொடங்க வேண்டிய நேரத்தில் மட்டும்.

இடைவேளையில் அவரை சாயாக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"தம்பி, ஆ மனுஷனுக்குக் கண்ணு காணாது. திமிரமாணு" என்றார். கண்ணில் புரை விழுவதை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "ஒரு வருஷமாயி. ஒரு நாள் புள்ளி வந்து, இவன் சும்மா நிக்கான். எனிக்கு கோபம் வந்து 'எடோ போத்தே'ன்னு விளிச்சு. அவன் சட்டுன்னு மெஷினை விட்டு. பின்னெ, ஞான் 'போடா'ன்னு சொன்னப்போ ஸ்விட்சும் போட்டு. அப்போழாணு எனிக்கு மனசிலாயது."

"நல்லபடியா 'அண்ணாச்சி, புள்ளி வந்தாச்சு'ன்னு சொல்லியிருக்கலாமே சேட்டா?"

சாயா கிளாசை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏழு வருஷம் ஞான் அவன்கூட வேலை செய்யுந்நு. சகாயம் செய்யப் போனா அவன் வேண்டாம்னு எதிர்க்கும். திட்டினா மட்டும் அவன் வாங்கிக்கும்."

"நீங்க தெரிஞ்சுதான் செய்யறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"அது எங்ஙனெ எனிக்கறியாம்? நாங்க தம்மில் பேச்சு இல்லையே."

 உசிதம் என்று எழுதிய கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலைகீழாக ஒட்டிய துண்டுக்கு நாங்கள் கைதட்டியதும், அவர் பேசாமல் அறைக்குள் போனதும் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க வறீது சேட்டன் மாட்டினிக்கு டிக்கெட் எடுத்தார். வாரம் முடிந்ததும் நான் சேட்டிடம் போய், ஏற்பாடு சரிப்படவில்லை, பழையபடியே இருக்கட்டும், மாலைக் காட்சியில் திட்டு இல்லாமல் பெஞ்சு வகுப்பே களையிழந்துவிட்டது என்று சொன்னேன். இரண்டு ஆள் வேலைக்கு நாலு ஆள் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த சேட்டு உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் வெள்ளைத் திரை விஷயத்தை மட்டும் விடவில்லை. இன்னொரு தடவை என்றால் மன்னிப்புக் கிடையாது என்று மறுபடியும் சொன்னார்.

அடுத்தது கண். அண்ணாச்சியிடம் தனியாக மெல்லப் பேச்செடுத்தேன். எறணாகுளத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார், ஆபரேஷன் செய்தால் பழையபடி தெரியும், சேட்டுக்குத் தெரியவேண்டாம் என்றேன்.

"எவம்லே சொன்னான் எனக்குக் கண்ணு தெரியலைன்னு? கண்ணுல கத்திய வைக்கவா? முடியவே முடியாது, எதிர்க்கேன்!"

நான் தோற்றுப்போய் வறீதிடம் வந்து சொன்னேன். அன்று மாலை அவர் காலண்டர் கிளிக்கு எதிரில் நின்று தொண்டையைச் செருமினார்.

"சபாநாயகரே, இவிடெ சிலர் கண்ணு ஆபரேஷன் செய்யப் போவதாயி கேட்டு. அது பாடில்ல. எங்க யூனியன் அதை எதிர்க்கும். செய்தால் ஞான் வேலைநிறுத்த சமரம் இருக்கும்!"

அண்ணாச்சி தலையை மெதுவாக நிமிர்த்தினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் படகுத்துறையில் பையோடு நின்றிருந்தார். லீவுச் சீட்டில் ஊரில் கல்யாணம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் தினமும் தூக்குப்பாத்திரத்தில் கஞ்சியும் பயறும் வரும். யார் வீட்டிலிருந்து என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "உப்புப் பத்தலை, எதிர்க்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் குடித்துவிடுவார்.

ஒன்றரை மாதம் கழித்து, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். கண்ணாடிக்குள் கண் இரண்டும் நெல்லிக்காய் அளவுக்குத் தெரிந்தன. கொட்டகை வாசலில் நின்று போஸ்டரை எழுத்துக்கூட்டி வாசித்தார். கதாநாயகனுக்கு ஒரு பல் கோணல் என்று குற்றம் கண்டுபிடித்தார். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. அன்று மாட்டினிக்கு நானும் ஆபரேட்டர் ரூமில்தான் நின்றேன்.

முதல் ரீல் ஒழுங்காகப் போனது. இரண்டாவது ரீல் வறீது மெஷினில். முடியும் நேரம் வந்தது. வறீது சேட்டன் வாயைத் திறக்கவில்லை. இனி எதற்கு என்று நினைத்தார் போலிருக்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரோரமாக நின்றார். முதல் புள்ளி வந்ததை நான் பார்த்தேன். அண்ணாச்சியும் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். கை ஸ்விட்சில் இருந்தது. அசையவில்லை. இரண்டாவது புள்ளியும் வந்து போனது. திரை வெள்ளையானது.

கீழே ஊளை கிளம்பியது. 

"எடோ போத்தே!" வறீது வெடித்தார். "புதிய கண்ணு வெச்சிட்டும் காணுந்நில்லே நினக்கு! போடா!"

சட்டென்று ரீல் ஓடியது. "ஒன் மீசையப் பாருலே, ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை! இப்பதான் நல்லாத் தெரியுது!" என்று அண்ணாச்சி திருப்பிக் கத்தினார்.

படம் முடிந்து படியிறங்கும்போது கேட்டேன். "அண்ணாச்சி, நெசமாவே புள்ளி தெரியலையா?"

"ரெண்டு புள்ளியும் தெரிஞ்சுது."

"பின்னே ஏன் போடலை? சேட்டு சொன்னது தெரியும்ல?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் கூப்பிடலையே தம்பி" என்றார்.

மாலையில் சேட்டின் ஆள் வந்து, திரை ஏன் வெள்ளையானது என்று எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னான். யோசிக்கவே இல்லை. பழைய பிரிண்ட், ரீல் அறுந்துவிட்டது, ஆபரேட்டர்கள் இருவரும் ஒற்றுமையாகச் செயல்பட்டு உடனே சரிசெய்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் எழுதிய எத்தனையோ பொய்களில் இன்றைக்கும் நான் சந்தோஷமாக நினைத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.